குப்பியை உடைக்க நாலு பேர் வேண்டுமா?

மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்கடி ஊசி விஷயமாக எங்கள் ஊரிலிருந்து ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம். கிராம சபையில் தீர்மானமும் போட்டாயிற்று. அதனால் பழைய கதையை விட்டுவிட்டு, போன மாதம் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் மகள், ஆறாம் வகுப்பு. விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவளின் கெண்டைக்காலை நாய் கவ்விவிட்டது. அதே நாய் எதிர்வீட்டுக் கன்றுக்குட்டியையும் கடித்துவிட்டு ஓடியது. அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. அம்மா சுண்ணாம்பு டப்பாவோடு வந்தார். பிள்ளை வைக்க விடவில்லை. "செப்டம்பர் 28 வெறிநாய்க்கடி தடுப்பு நாள் ஊர்வலத்துல சொன்னாங்க, சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும்" என்று அழுதுகொண்டே அடிபம்பில் காலை நீட்டினாள். அண்ணன் பம்பை அடிக்க அடிக்க, 15 நிமிடமும் கழுவினாள். உங்கள் துறை சொன்னதை அவள் அப்படியே செய்தாள்.

ஒன்பது மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தோம். "ஒரு வயலை உடைச்சா நாலு பேருக்குப் போடலாம். ஒருத்தருக்காக உடைக்க முடியாது. ஆள் சேரட்டும், இல்லைன்னா நாளைக்கு வாங்க" என்றார்கள். வயல் என்றால் எங்களுக்கு நெல் வயல்தான். மருந்துக் குப்பி என்று புரியவே சற்று நேரமாயிற்று. பன்னிரண்டு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்து, வேறு யாரையாவது நாய் கடிக்காதா என்று காத்திருந்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் காத்திருந்தோம்.

கணக்கு எனக்கும் புரிகிறது. தோலுக்குள் போடும் முறையில் ஒருவருக்கு 0.1 மில்லி வீதம் இரண்டு இடம், உடைத்த குப்பி சில மணி நேரம்தான் தாங்கும், மிச்சம் வீண். சரி. ஆனால் கூட்டம் வராத இடத்தில் முழுக் குப்பியையும் ஒருவருக்கே தசையில் போடும் முறையும் உண்டே. வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் வந்தாலும் குப்பியை உடையுங்கள், இதுதான் எங்கள் கோரிக்கை.

அன்று இரண்டு பஸ் மாறித் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி இருந்தது, ரத்தம் வந்த கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய சீரம் என்ற எதிர்ப்பு மருந்து இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் அதைப் போட்டு முடிக்க இரவு ஏழரை. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று அண்ணனுக்கு மொத்தம் மூன்று நாள் கூலி போயிற்று.

எங்கள் தெருக்கோடியில் பச்சிலை கொடுக்கும் பெரியவர் இருக்கிறார். எந்த நேரம் போனாலும் எழுந்து வந்து அரைத்துக் கொடுப்பார்; வெற்றிலையில் வைத்ததை வாங்கிக்கொள்வார். நாலு பேர் சேரட்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மூடநம்பிக்கையால்தான் ஜனங்கள் அவரிடம் போகிறார்கள் என்று மேடையில் பேசுபவர்கள் எங்கள் பெஞ்சில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். 2030-க்குள் நாய்க்கடிச் சாவே இருக்காதாம். இருக்கட்டும், இன்னும் வருடம் இருக்கிறது, ஆள் சேர்ந்துவிடும்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். நர்ஸம்மாவைக் குறை சொல்லவில்லை. குப்பி வீணானால் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். வீணானாலும் கேட்க மாட்டோம் என்று நீங்கள் எழுத்தில் ஓர் உத்தரவு போட்டால் போதும், ஒருவருக்காகவும் உடைப்பார். தாலுகா ஆஸ்பத்திரியில் சீரமும் இருக்கும்படி செய்தால் பெரிய உபகாரம்.

அந்தக் கன்றுக்குட்டி நேற்று முன்தினம் வாயில் நுரை தள்ளிச் செத்துப்போயிற்று. பிள்ளைக்கு வரும் செவ்வாய்க்கிழமை 28-ம் நாள் ஊசி. அன்றைக்கு எங்கள் சுகாதார நிலையத்துக்கே அழைத்து வரலாமா, இல்லை, கூட மூன்று பேரைத் தேடிப் பிடித்து வர வேண்டுமா என்று தயவுசெய்து முன்கூட்டியே தெரியப்படுத்தவும்.

இப்படிக்கு,
பிள்ளையின் சித்தப்பா