ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்கு, ஏ.ஏ. கூட்டம் பற்றி

கண்ணு,

குடியை நிறுத்த ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறேன் என்று நீயாகவே சொல்லிவிட்டாய். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுக்கிற குழு. அதற்குமேல் உபதேசம் வேண்டாம். போவதற்கு ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. தினம் குடிக்கிற ஆள் சட்டென்று நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பிறகு ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் பேச்சு குழறி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. மோர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆகவே கிருஷ்ணகிரியிலோ இங்கே தருமபுரியிலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் முதலில் ஓ.பி. சீட்டு போடு. டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதே. தினம் இரண்டு குவார்ட்டர் போகிறவன் 'எப்பவாவது ஒரு கட்டிங்' என்றால், மருந்தும் கட்டிங்குக்குத் தகுந்தபடிதான் எழுதுவார்கள். பி1 வைட்டமின் ஊசி போட்டால் மறுக்காதே. நாள்பட்ட குடியில் அந்தச் சத்து வற்றினால் மூளை பாதிக்கும்.

கூட்டம் எங்கே என்று அந்த மனநலப் பிரிவிலேயே கேள். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலும் ஊர்வாரியாகப் பார்க்கலாம். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. பட்டியலில் இருக்கிறதே என்று நேரே கிளம்பிவிடாதே. குழுக்கள் இடம் மாறும், கிழமை மாறும். முதலில் போன் போட்டு மூன்று விஷயம் கேள்: இந்த வாரம் கூட்டம் உண்டா, எந்த மொழியில் பேசுவார்கள், ஓப்பன் மீட்டிங்கா குளோஸ்டா. ஓப்பன் என்றால் வீட்டாரும் வரலாம். குளோஸ்டு என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும். ஓசூரில் மொழியைக் கேட்பது முக்கியம். மனதில் கிடப்பதைத் தமிழில் பேசினால்தான் உனக்கு வரும்.

பலர் தவறுவது ஷிப்டில்தான். கூட்டம் பெரும்பாலும் சாயங்காலம். காலை ஷிப்ட் வாரத்தில் சுலபம், நைட் ஷிப்டிலும் வேலைக்கு முன்னால் போய்விடலாம். இரண்டு மணி ஷிப்ட் வாரம்தான் வெறுமையாகப் போகும். அந்த வாரத்துக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் ஓர் ஆன்லைன் கூட்டமும் இப்போதே பார்த்து வை. தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பார்கள். சிப்காட்டில் ஓவர்டைம் பார்க்கிறவனுக்கு அது நடக்காது. வாரம் மூன்று போதும், ஆனால் எந்தெந்தக் கிழமை என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் போக மாட்டாய். நேரே போ. வழியில் இரண்டு வாழைப்பழமாவது சாப்பிடு. பசியோடு கடை வாசலைத் தாண்டுவது கஷ்டம்.

உள்ளே ஒன்றும் பயமில்லை. ஒரு பள்ளி வகுப்பறையோ சர்ச் ஹாலோ, பத்துப் பதினைந்து நாற்காலி, டீ, பிஸ்கட். முகவுரை வாசித்து ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தன் அனுபவத்தைப் பேசுவார்கள். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. உன் முறை வரும்போது 'இன்று கேட்டுக்கொள்கிறேன்' என்றால் விட்டுவிடுவார்கள். கட்டணம் கிடையாது. பை சுற்றி வரும், முடிந்தால் பத்து ரூபாய் போடு. கடவுள் பேச்சு வரும். உனக்கு ஒட்டவில்லையென்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதைக் கேள். முதல் நாள் பிடிக்காவிட்டால் அந்தக் குழுவை விடு, கூட்டத்தையே விட்டுவிடாதே. ஐந்தாறு கூட்டம் போகாமல் தீர்ப்பு சொல்லாதே. 'இவர்கள் அளவுக்கு நான் மோசமில்லை' என்ற நினைப்பும் கட்டாயம் வரும். வரட்டும், நீ எழுந்திருக்காதே.

யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதே. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். டைசல்ஃபிராம் என்று, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தால், கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட மது பட்டால் நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். மருந்துக் கடை அரிஷ்டத்திலும் மது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மருமகளிடமும் சொல்லிவிடு: யார் யோசனை சொன்னாலும் இந்த மாத்திரையை உனக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலப்பது கூடாது, ஆளே போய்விடலாம். அவளுக்கென்று அல்-அனான் குடும்பக் கூட்டம் இருக்கிறது. நீ போனாயா என்று கணக்கெடுப்பது அவள் வேலையாக வேண்டாம்.

ஒரு மாதத்துக்குள் ஒரு ஸ்பான்சரைப் பிடி, அதாவது குழுவிலேயே உனக்கு வழிகாட்டியாக இருக்கிற ஒரு பழைய ஆளை. ஆண், குடியை விட்டு ஒரு வருடமாவது ஆனவர், ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுப்பவர். நன்றாக இருக்கிற நாளிலும் ஒரு நிமிடம் பேசிப் பழகு. சம்பள நாளில் குடிக்கிற ஆசை முட்டும்போது புதிதாகக் கூப்பிடக் கை வராது. தவறிப்போய் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குப் போ. அங்கே வருவதற்கான ஒரே தகுதி நிறுத்த வேண்டும் என்ற ஆசைதான். போதையிலே போனால் பேசவிட மாட்டார்கள். தகராறு பண்ணாமல் உட்கார்ந்து கேள்.

ஆடி பதினெட்டுக்குக் காலையிலேயே வந்து சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, வெயில் சாய்வதற்குள் பஸ் ஏறிவிடு. அதன்பிறகுதான் மாமன் மச்சான் கச்சேரி ஆரம்பிக்கும். யார் நீட்டினாலும் 'மாத்திரையில் இருக்கேன்' என்று சொல், வேறு காரணம் வேண்டாம். உன் பங்குக் கறியை டிபன் பாக்ஸில் போட்டுத் தந்துவிடுகிறேன்.

அம்மா
தருமபுரி