பழைய கடிகாரங்களைப் பகிரும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். இனி மதிப்பு கேட்டுப் பழைய கைக்கடிகாரத்தின் படம் அனுப்புவோர், டயலுடன் பின்மூடி, உள் இயந்திரம் ஆகியவற்றின் படங்களையும் அனுப்புங்கள். அவை இல்லாமல் விலை சொல்வது நியாயமல்ல.

அதைவிட முக்கியமாக, விற்பதற்கு முன் தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். பளபளப்புக்காகத் தேய்க்கும்போது கடிகாரத்தின் வெளிக்கூட்டில் உள்ள கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன. அவை திரும்ப வரவே வராது. டயலுக்குப் புதிதாக வண்ணம் பூசுவது இன்னும் மோசம். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பதே டயலைத்தான். ரோலெக்ஸின் டேடோனா மாடலில், நடிகர் பால் நியூமேனின் பெயரால் அழைக்கப்படும் 'பால் நியூமேன் டயல்' உள்ளவை, ஒரே மாடல் எண் கொண்ட சாதாரண டயல் கடிகாரங்களைவிடப் பல மடங்கு விலை போகின்றன. அவரே அணிந்த டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1.77 கோடி டாலருக்கு விற்றது. அங்கே அணிந்தவரின் பெயருக்கும் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

உலோகமும் கணக்கை மாற்றும். சுவிஸ் நிறுவனமான படேக் ஃபிலிப்பின் 1518 மாடல் கைக்கடிகாரம் பெரும்பாலும் தங்கத்தில் வந்தது. அதே மாடலின் அரிதான எஃகுக் கடிகாரம் ஒன்று 2016இல் ஜெனீவா ஏலத்தில் 1.1 கோடி சுவிஸ் ஃபிராங்கைத் தாண்டியது.

ஓர் எச்சரிக்கை: 1960களுக்கு முந்தைய ஒளிரும் டயல்களில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்காதீர்கள். உதிரும் தூளை மூச்சில் இழுப்பது ஆபத்து. அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, அங்கேயே படம் எடுத்து அனுப்புங்கள்.