கடைசி வரியிலிருந்து வாசித்தவருக்கு

அன்பு நண்பர்களே,

நேற்றிரவு பதினொன்றரை மணிக்குக் கடைசித் தாளும் கோப்பில் ஏறிவிட்டது. நான் எழுதி வைத்திருந்த உலக நடைப்போட்டிக் கோப்பையின் வரலாறு, கணினி வட்டு பழுதானதில் தொலைந்துபோனது உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லி மறுபடியும் மனத்தைக் கிளறிக்கொள்ள நான் தயாரில்லை. இப்போது மூன்று பிரதிகள் இருக்கின்றன, மூன்று வெவ்வேறு வீடுகளில்.

பழைய இதழ்களைப் படமெடுத்து அனுப்பியவர்கள், இத்தாலிய, ஜெர்மன் செய்திகளைப் படித்துப் பொருள் சொன்னவர்கள், வட்டைத் திறந்து பார்த்துக் கைவிரித்த பிறகும் கூலி வாங்க மறுத்த பையன், எல்லோருக்கும் என் வணக்கம். உங்களுக்குத் தனித்தனியே எழுதுவேன். இந்த மடல் இன்னொருவருக்கு.

அவர் ஓய்வுபெற்ற நடைப்போட்டி நடுவர். தம்மிடம் பழைய முடிவுத் தாள்கள் இருப்பதாகவும், படமெடுத்து அனுப்பத் தெரியாது என்றும் தொலைபேசியில் சொன்னார். "நான் வாசிக்கிறேன் அம்மா, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். பன்னிரண்டு இரவுகள் வாசித்தார். முதல் இரவே, "கடைசியிலிருந்து தொடங்கட்டுமா?" என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன். "முதலில் வந்தவரை எங்கே வேண்டுமானாலும் தேடிப் பிடிக்கலாம்."

சுருக்கென்றது. தொலைந்துபோன என் வரலாறு முழுக்க முதலில் வந்தவர்களின் வரலாறுதான். 1961இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் இந்தப் போட்டி தொடங்கியபோது 20 கி.மீ.யில் வென்ற கென் மேத்யூஸ், 50 கி.மீ.யில் வென்ற அப்டோன் பாமிச், மூன்றாண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே தூரங்களில் அவர்கள் வாங்கிய தங்கம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். இத்தனைக்கும் இது அணிகளின் போட்டி. இன்றைய விதிப்படி ஓர் அணியில் முன்னால் வரும் மூவரின் இடங்களைக் கூட்டி, தொகை குறைந்த அணிக்கே வெற்றி தருகிறார்கள். கோப்பை பல நேரம் அந்த மூன்றாமவரின் காலில்தான் இருக்கிறது.

தகுதி நீக்கப்பட்டவர்களின் பெயர் வரும்போது ஐயாவின் குரல் தணியும். பாதம் இரண்டும் தரையை விட்டு எழுந்ததா, தரை தொட்ட காலின் முழங்கால் மடங்கியதா என்பதை நடுவர் வெறும் கண்ணால்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். "நாற்பது கிலோமீட்டர் நடந்து வந்தவனுக்குச் சிவப்பு அட்டை எழுதியிருக்கிறேன்" என்றார் ஓர் இரவு. அப்புறம் வெகுநேரம் இருமினார்.

பெண்களின் தாள்கள் வந்த இரவுகளில் நான்தான் பேச்சிழந்தேன். தொடக்கத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. 1979இல் ஜெர்மனியின் எஷ்பார்னில் தனிக் கோப்பை வந்தபோது 5 கி.மீ. கொடுத்தார்கள், 20 கி.மீ. வர 1999 ஆயிற்று. 2018இல் சீனாவின் தைசாங்கில் 50 கி.மீ.யும் கிடைத்து, லியாங் ரூய் உலகச் சாதனையோடு வென்றார். அடுத்த போட்டி 2022இல் மஸ்கட்டில் நடந்தபோது 50 கி.மீ.யே இல்லை, 35 ஆக்கிவிட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இனி எழுதும் பதிப்பில் ஒவ்வோர் ஆண்டின் பட்டியலும் கடைசி வரி வரை இருக்கும். ஐயாவிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை ஏழு மணிக்கு மறுபடியும் அழைத்தார். "நேற்று வாசித்ததில் ஒருவரை விட்டுவிட்டேன் அம்மா. இடம் எண் இல்லாதவர், அதனால் கண்ணில் படவில்லை. பேனா இருக்கிறதா?"