பின்னட்டை வாசகத்தை நம்பி ஏமாந்தது குறித்துப் பதிப்பகத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்: தங்கள் வாசகர், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், விற்பனைப் பிரிவு.

பொருள்: மர்ம நாவலின் பின்னட்டை வாசகம்.

ஐயா,

இத்துடன் ரசீது நகல் இணைத்துள்ள நாவலைப் பாளையங்கோட்டையில் 380 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று மாதமாக என் மைத்துனர், பார்க்கும்போதெல்லாம் "அத்தான், இன்னும் படிக்கவில்லையா?" என்று கேட்டுத் துளைத்துவிட்டார். கடைக்கார அண்ணாச்சியோ, "கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டால் பணம் வாபஸ்" என்று சிரித்தார். அவர் எவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.

நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். "எல்லாத் துப்புகளும் உங்கள் கண் முன்னே" என்று பின்னட்டையில் தாங்கள் அச்சிட்டிருந்ததை நம்பி, சந்தேகப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பேரேடு போலக் குறிப்பெழுதிக்கொண்டே படித்தேன்.

கதையில் ஆடி மாதம் பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணி வறண்டு கிடக்கிறது. ஆற்று மணலில் செருப்புத் தடம் பார்த்ததாகத் தோட்டக்காரர் சாட்சி சொல்கிறார். மேற்கே சாரல் பிடித்து, கார் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதம் அது. மழை பொய்த்த ஆண்டோ என்று பார்த்தால், அடுத்த அத்தியாயத்தில் குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது! ஆக, தோட்டக்காரர் பொய் சொல்கிறார், அவரே கொலைகாரர் என்று சிவப்பு மையில் எழுதினேன். அன்றிரவு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. எழுதியவருக்கு ஆறு தெரியவில்லை, அவ்வளவுதான்.

உண்மைக் கொலைகாரர் 281ஆம் பக்கத்தில்தான் முதன்முதலாக வருகிறார், இறந்தவரின் இரட்டைச் சகோதரராக. அதற்கு முன் ஒரு பழைய புகைப்படம்கூட இல்லை. ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் முதலாவது, குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது. பத்தாவது, முன்கூட்டிக் கோடிகாட்டாமல் இரட்டையரை இறக்கக் கூடாது என்பது. ஒரே ஆளை வைத்து இரண்டையும் தாண்டிவிட்டார் தங்கள் எழுத்தாளர். தாண்டட்டும், அது அவர் உரிமை. பின்னட்டையில் அந்த வரியைப் போட்டது தாங்கள்.

பணம் வேண்டாம். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடுங்கள், ஆற்றில் தண்ணீர் விடுங்கள்.

புத்தகத்தை இத்துடன் அனுப்ப இயலவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போய் 200ஆம் பக்கம் வரை வந்திருக்கிறார். தோட்டக்காரர்தான் என்று அடித்துச் சொல்கிறார். நான் வாய் திறக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்