சித்தப்பாவின் சூப் கிண்ணம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வாரம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டபோது, "சர்க்கரைக்காரனுக்கு இதெல்லாம் ஆகாது" என்று சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தீர்கள். சொன்ன கையோடு இரண்டு துண்டு ரொட்டியை முடித்தீர்கள். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டாமென்று இருந்துவிட்டேன்.

எலும்பை வேகவைத்து இறக்கிய தெளிந்த சாற்றில் மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். கீரை, முட்டைக்கோஸ், காளான் போட்டாலும் சர்க்கரை பெரிதாக ஏறாது. ஏற்றிவிடுவது கெட்டியாக்கப் போடும் மாவுதான். ஒரு மேசைக்கரண்டி சோள மாவில் சுமார் 7 கிராம் மாவுச்சத்து. கூழாக வெந்துவிட்டால் அது சட்டென்று செரித்து ரத்தத்தில் கலந்துவிடும். ஒரு கரண்டியோடு நின்றால் சரி, போகட்டும். அதிலேயே உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், அப்புறம் தொட்டுச் சாப்பிட ரொட்டி என்று சேர்ந்தால் அதை யார் சூப் என்று சொல்வது?

கெட்டியாக வேண்டுமா, தோல் எடுக்காத மசூர் பருப்பைப் போடச் சொல்லுங்கள். வெந்த பருப்பு ஒரு கப்பில் 40 கிராம் மாவுச்சத்து உண்டுதான், ஆனால் அதில் ஏறக்குறைய 15 கிராம் செரிக்காத நார். கூடவே 18 கிராம் புரதம். சர்க்கரை மெல்ல ஏறும், வயிறும் நிறையும். அரை கப் போதும். இல்லையென்றால் வெந்த காய்களில் பாதியை மசித்துக் கலக்கலாம். வடிகட்டிச் சக்கையை எறிவது மட்டும் வேண்டாம், நார் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, காயும் புரதமும் முதலில், சோறோ ரொட்டியோ கடைசியில் என்று சாப்பிட்டால் அதன்பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது. ஆக, நீங்கள் தள்ளி வைத்ததைத்தான் முதலில் குடித்திருக்க வேண்டும்!

உங்களுக்கு ரத்த அழுத்தமும் இருப்பதால் பாக்கெட் சூப் பக்கம் போகாதீர்கள், அதில் உப்பு அதிகம். நாள் முழுதுக்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எலுமிச்சையும் மிளகும் இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது.

ஒரு பயமும் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு இரவில் வெறும் தெளிந்த சூப்போடு படுத்துவிடாதீர்கள். சில மாத்திரைகளுக்கு அது தாழ்சர்க்கரையில், அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் நிலையில், கொண்டுபோய் விடும். உங்களுடையது அந்த வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கினால் சூப் உதவாது. 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கேளுங்கள். முதல் வாய்க்கு முன் ஒருமுறை, அதிலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒருமுறை. ஒருநாள் ரொட்டியோடு, மறுநாள் ரொட்டியில்லாமல், அதே சூப். சாப்பிட்டபின் பார்ப்பது பலருக்கு 180-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்தக் கருவியையும் எடுத்து வாருங்கள். சூப் நான் வைக்கிறேன். ரொட்டிக்கூடை என் பக்கத்தில் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்