அப்பாவை நடக்க வைத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

சேரன்மகாதேவி பக்கம் ஏத்தன் வாழை போடும் ஒரு விவசாயியின் மகள் எழுதுகிறேன். நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்று, தோலுக்கு அடியில் சதையை அழுக வைத்துக்கொண்டே ஓடும் ஒரு கிருமி நோயில் கிடந்த அப்பா இப்போது நடக்கிறார். இடது காலில் இரண்டு விரல் இல்லை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் தன் காலில் நடக்கிறார். அதற்குக் காரணமானவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கும்பிட வழியில்லாததால் இந்த மடல்.

முதல் நன்றி காருகுறிச்சித் தாத்தாவுக்கு. அப்பா காலில் வேலிக்கருவை முள் ஏறியது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கி வேலையைத் தொடர்ந்திருக்கிறார். அப்புறம் காய்ச்சல், கால் வீக்கம், சிவப்பு. காட்டிய இடத்தில் சாதாரண வீக்கம் என்று ஊசி போட்டு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். (தொடக்கத்தில் இந்த நோய் அப்படித்தான் இருக்கும், மருத்துவர்களுக்கே பிடிபடுவது கஷ்டம் என்று பின்னால் அறுவை சிகிச்சை மருத்துவர் சொன்னார். அதனால் எங்களுக்கு யார் மேலும் வருத்தமில்லை.) சிவப்பைப் பார்த்த சொந்தக்காரர்கள் அக்கி என்றார்கள். அக்கி எழுத மண்பாண்டம் செய்யும் தாத்தாவை அழைத்து வந்தோம்.

தாத்தா காவியும் கோழி இறகுமாக வந்தார். காலை வெளிச்சத்துப் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, நிறம் மாறாத இடத்திலும் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அங்கே தொட்டதற்கே அப்பா அலறினார். தேள் கொட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்ளும் மனிதர் அவர். "அக்கின்னா மேல கொத்துக் கொத்தாக் கொப்புளம் வரும். இது உள்ள ஓடுது. இதுல நான் காவி வைக்க மாட்டேன். இங்க நின்னுக்கிட்டு இருக்காதிய, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றார். தட்டில் வைத்த வெற்றிலை பாக்கையும் பணத்தையும் தொடவில்லை. தன் கைவேலை எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாத்தா, அன்றைக்கு நீங்கள் எழுதிவிட்டுப் போயிருந்தால், அது ஆறட்டும் என்று நாங்கள் காத்திருந்திருப்போம்.

அதே நேரத்தில் இன்னும் வலி மாத்திரை வாங்கப் போன என் தம்பியிடம் மருந்துக்கடை அண்ணாச்சி, "சர்க்கரைக்காரருக்குக் கால்ல இவ்வளவு வலின்னா மாத்திரை தர மாட்டேன்" என்று சொல்லி, தானே 108-க்குப் போன் போட்டுவிட்டார். வலி மாத்திரை காய்ச்சலையும் வலியையும் அமுக்கி வைக்கும், உள்ளே நோய் ஓடுவது தெரியாது. விற்க வேண்டியதை விற்காமல் விட்ட அண்ணாச்சிக்கு எங்கள் நன்றி.

108 வண்டியில் வந்த தங்கச்சியை மறக்கவே முடியாது. பத்தமடை தாண்டும்போது அப்பா, "வலி விட்டுருச்சும்மா" என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. அந்தப் பிள்ளை முகம் மட்டும் மாறிவிட்டது. புறங்காலில் விரலை வைத்து, "தொடுறது தெரியுதா அய்யா?" என்று கேட்டாள். தெரியவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. சலைனை வேகப்படுத்திவிட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் செய்து, வருகிறவர் நிலை என்ன என்று சொன்னாள். தோலுக்குப் போகும் நரம்பே செத்துவிட்டால் வலி போய்விடும், அது குணமில்லை, முற்றியதற்கு அடையாளம் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பயிற்சி மருத்துவர், பேனாவால் அப்பா காலில் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதினார். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை மேலே ஏறியிருந்தது. கணுக்கால் பக்கம் கருநீலத்தில் ஒரு கொப்புளமும் எழும்பியிருந்தது. சர்க்கரை 400-க்கு மேல். வெள்ளை அணுக்கள், சோடியம், கிரியாட்டினின் என்று ஆறு அளவுகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். 2004-இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் வகுத்த கணக்காம். 6-ம் அதற்கு மேலும் வந்தால் இந்த நோயாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். குறைவாக வந்தாலும் இல்லை என்று விட்டுவிடக் கூடாது என்றும் அந்தப் பயிற்சி மருத்துவரே சொன்னார்.

அறுவை சிகிச்சை மருத்துவர் அம்மா வந்து பார்த்தவுடன் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். "ஸ்கேன் எடுத்துக்கிட்டு இருந்தா நேரம் போயிரும். கீறிப் பார்த்தாத்தான் உறுதியாத் தெரியும். கால் போகலாம், உயிருக்கும் ஆபத்து இருக்கு. ஆனா காத்திருந்தா ரெண்டும் போயிரும்" என்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எதையும் மறைக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. அம்மா கைநாட்டு வைத்தார்.

உள்ளே என்ன கண்டார் என்பதைப் பிறகு எங்களை உட்கார வைத்து விளக்கினார். சின்னதாகக் கீறியதும் ரத்தம் வரவில்லையாம். சாம்பல் நிறத்தில், அரிசி கழுவிய நீர் போலக் கலங்கலாக வந்திருக்கிறது. ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய சவ்வுக்குள் விரலை விட்டால் தடையே இல்லாமல் போயிருக்கிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள அந்தச் சவ்வின் வழியாகத்தான் கிருமி ஓடுமாம். மேலே தோல் ஓரளவு நன்றாகவே தெரியும், அடியில் எல்லாம் அழுகிப்போயிருக்கும். நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்று பெயர் சொன்னார். சின்ன ரத்தக் குழாய்களெல்லாம் அடைத்துவிடுவதால் செத்த சதைக்கு மருந்து போய்ச் சேராது. அதனால் எவ்வளவு வீரியமான மருந்து ஏற்றினாலும், செத்ததை வெட்டி எடுக்காமல் தீராது.

மறுநாளே திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். முதல் தடவை நன்றாக இருந்த ஓரம் அடுத்த நாள் செத்திருக்கலாம் என்பதால், மீண்டும் திறந்து பார்ப்பது இதில் வழக்கமாம். அப்புறமும் சில தடவை. அப்படியொரு நிலையில் இருந்தவருக்கு ஒவ்வொரு முறையும் மயக்கம் கொடுத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த மயக்க மருத்துவர்களை நாங்கள் முகமூடி இல்லாமல் பார்த்ததே இல்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மெரோபெனம், கிளிண்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளை ஏற்றினார்கள். இரண்டாவது மருந்து, கிருமி நஞ்சு உண்டாக்குவதையே தடுக்குமாம். இன்சுலினை மணிக்கு மணி பார்த்துக் கூட்டிக் குறைத்த செவிலியர்களுக்கும், வெட்டியெடுத்த சதையிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்து எந்தெந்தக் கிருமி என்று கண்டு சொன்ன ஆய்வகத்தாருக்கும் நன்றி. அந்த முடிவு வந்த பிறகுதான் மருந்தை மாற்றினார்கள்.

ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளே, ராத்திரி நேரத்தில் ஹாஸ்டலிலிருந்து வந்தீர்கள். ஒரு டீகூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டீர்கள்.

கட்டு மாற்றிய அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். சட்டென்று உரித்தால் ஒரு நிமிட வேலை. அவர் சலைனை ஊற்றி ஊறவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். கை வேலை செய்யும்போதே, "இந்தத் தடவ தார் எத்தனை கிலோ போச்சு? வியாபாரி ஏமாத்திட்டானா?" என்று பேச்சுக் கொடுப்பார். வாழை என்றால் அப்பா வலியை மறந்துவிடுவார் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை துளிர்த்த அன்று எங்களைவிட அவர்தான் சந்தோஷப்பட்டார். அதன்மேல்தான் தோலை ஒட்டினார்கள்.

புண் ஆற முட்டையும் பருப்பும் நிறையக் கொடுக்கச் சொன்னபோது, தன் மகனுக்கு அவித்ததில் தினமும் அப்பாவுக்கும் சேர்த்துக் கொண்டுவந்த பக்கத்துக் கட்டில் சங்கரன்கோவில் மதினிக்கும், முகம் சுளிக்காமல் வார்டைத் துடைத்துக் கொடுத்த துப்புரவுப் பணியாளர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் பக்கத்து விவசாயிகள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலில் முள்ளோ கல்லோ பட்டு, பார்க்கிற காயத்துக்குப் பொருந்தாத வலி இருந்தால், வீக்கம் மணிக்கணக்கில் ஏறினால், தோல் கறுத்தால், காய்ச்சலோடு ஆள் குழம்பிப் பேசினால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். சர்க்கரை இருப்பவர்கள் வாய்க்காலில் இறங்கிவிட்டு வந்தால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

அப்பா சொல்லச் சொன்னது இது: அம்பாசமுத்திரம் ரோட்டில் நீங்கள் யார் வந்தாலும் சேரன்மகாதேவியில் இறங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்த வாழைக்காரர் வீடு எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். சாப்பிடாமல் போகக் கூடாது. ஏத்தன் தார் ஒன்று உங்கள் பேருக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
மகள், குடும்பத்தார் எல்லாருக்குமாக