தலை நேராகத்தான் இருந்தது

அன்புள்ள குமரா,

போன ஞாயிறு போனில் நீ சொன்னது இன்னும் மனசில் கிடக்கிறது. "ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லையேம்மா, எல்லாம் மனசுதான்" என்றாய். அக்கறையில்தான் சொன்னாய். ஆனால் மூன்று வருஷமாகக் கழுத்து வலியோடு எழுந்து, அதோடேயே படுக்கிறவள் காதில் அது 'நீ பொய் சொல்கிறாய்' என்றுதான் விழும்.

விசா போட்டோவுக்குப் போன அன்று நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. ஸ்டுடியோ பையன் மூன்று தடவை "தலையை நேரா வைங்கம்மா" என்றான். நேராகத்தானே வைத்திருக்கிறேன் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. கேமராவைத் திருப்பிக் காட்டினான். தலை இடது தோள் பக்கம் சாய்ந்திருந்தது. என் தலை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, கண்ணா. வலியைவிட அதுதான் பயமாக இருந்தது.

பிசியோதெரபி பெண் அதை அளந்தே காட்டினாள். தலையில் பட்டை கட்டி அதில் ஒரு குட்டி லேசர் லைட். சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்கார்ந்து, கண்ணை மூடி, வலப்பக்கம் திரும்பி, பழைய இடத்துக்கே வர வேண்டும். 4.5 டிகிரிக்கு மேல் தவறினால், அதாவது சிவப்புப் புள்ளி ஏழு செ.மீ. விலகிவிட்டால், தலை இருக்கும் இடத்தை உடம்பு கணிப்பதில் கோளாறு என்று வைத்துக்கொள்கிறார்கள். கண்ணைத் திறந்தேன். புள்ளி ஓர் உள்ளங்கை அகலத்துக்கும் அப்பால் நின்றது.

பிடரியில், மண்டையோட்டுக்குக் கீழே சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. எவ்வளவு இழுபடுகிறோம் என்று உணரும் நுண்ணுறுப்புகள் அவற்றில் நெருக்கமாக உண்டு. கண்ணும் உள்காதும் அனுப்பும் சேதியோடு இவை அனுப்புவதையும் சேர்த்துத்தான், தலை எங்கே இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. நானோ "எலும்பு தேஞ்சிருக்கு" என்று கேட்ட நாளிலிருந்து காலர் மாட்டிக்கொண்டு, பேப்பர் மில்ஸ் ரோட்டைக் கடக்கும்போதுகூட உடம்போடு திரும்பினேன். ஆட்டாத கழுத்திலிருந்து என்ன சேதி போகும்?

அந்தத் தேய்மானம் என்ற சொல்லை இப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 87 பேருக்கு மேல், கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. கை மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா என்று டாக்டர் பார்த்துவிட்டார், கவலைப்படாதே.

அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாள்பட்ட கழுத்து வலிக்காரர்கள் 24 பேருக்கு, கம்ப்யூட்டர் காட்சியைக் கண்முன் நிஜம்போல் காட்டும் வி.ஆர். கண்ணாடி மாட்டி, வலி தொடங்கும்வரை தலையைத் திருப்பச் சொன்னார்கள். உண்மையில் திரும்பியதைவிடக் குறைவாகத் திரும்பியதுபோல் காட்சியைக் காட்டியபோது வலி தள்ளிப்போனது. சுமார் 6 சதவீதம் கூடுதலாகத் திரும்ப முடிந்தது. அதிகமாகக் காட்டியபோது 7 சதவீதம் முன்னதாகவே வலித்தது. கழுத்து அதே கழுத்துதான். இதுவரை திரும்பினால் ஆபத்து என்று மூளை போட்டுவைத்த கோடு இடம் மாறியிருக்கிறது. அங்கே யாரும் நடிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நிஜமாகவே வலித்தது.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள் நான். மூளை வலியை உண்டாக்குகிறது என்று பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அது என் கழுத்துக்கும் பொருந்தும் என்று புரிய இத்தனை நாளாகிவிட்டது. ஆகவே மூளைக்கு இதில் பங்குண்டு என்று நீ சொன்னால் ஒத்துக்கொள்வேன். 'மனசுதான்' என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. என்னிடம் மட்டுமில்லை, யாரிடமும்.

மசாஜ் மெஷின் எதுவும் வாங்கி வராதே. காலரைக் கழற்றிப் பரண்மேல் போட்டாயிற்று. லேசர் பட்டையை வீட்டுக்கே கொடுத்திருக்கிறாள், காலையில் பத்து நிமிஷம். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, வியாசர்பாடி பக்கம் போகிற ரயிலைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது கார்டுக்குக் கை காட்டுவாயே, அதே இடத்தில்தான். முதல் வாரம் நாலாவது பெட்டியிலேயே கழுத்து நின்றுவிட்டது. நேற்று கார்டு பெட்டிவரை பார்த்தேன்.

அன்புடன்,
அம்மா
பெரம்பூர், சென்னை